வரப்பு

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். என் அக்காள் மகன் கூடத்தில் உட்கார்ந்து, முகூர்த்தத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளையைப் போலக் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். எதிரே மடிக்கணினி. பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம். திங்கட்கிழமை காந்தி ஜயந்தி. மூன்று நாளும் சேர்ந்தாற்போல விடுமுறை. அவன் வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்ததால், இராத்திரி விளக்கெரிக்க வசதியாக என் வீட்டுக்கு வந்து விட்டான்.

"என்னடா, பரீட்சையா?" என்று கேட்டேன்.

"போட்டி மாமா. ஆறரை மணிக்குத் தலைப்புச் சொல்லுவாங்க. அதுலேருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ளே ஒரு கேம் செஞ்சு முடிக்கணும்."

விளையாட்டில் போட்டி உண்டு என்பது எனக்குத் தெரியும். விளையாட்டைச் செய்வதிலேயே ஒரு போட்டி உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது. காப்பியைக் கையில் எடுத்துக் கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து விட்டேன்.

போட்டியின் பெயர் லூடும் டாரே. லத்தீன் மொழியில் ஆட்டம் ஒன்றைக் கொடுத்தல் என்று பொருளாம். ஜெஃப் ஹௌலண்ட் என்பவர் 2002-இல் தொடங்கி வைத்தது. போட்டியிடுகிறவர்களே வாக்களித்துத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உலகத்தின் எத்தனையோ மூலைகளிலிருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத மனிதர்கள், ஒரே நிமிடத்தில் வேலையைத் தொடங்குகிறார்கள். பரிசு என்ன என்று கேட்டேன். ஒரு செல்லாக் காசு கூடக் கிடையாதாம். செய்து முடித்த விளையாட்டே பரிசு. நடுவர் யார் என்று கேட்டேன். தனியாக ஒருவரும் இல்லையாம். போட்டியிட்டவர்களே பிறகு சில வாரங்கள் ஒருவர் செய்ததை மற்றவர் ஆடிப் பார்த்து மதிப்பெண் போட்டுக் கொள்கிறார்கள்.

ஆனால் விதிகள் மட்டும் சம்பந்தி வீட்டார் போடும் நிபந்தனைகளைப் போல வெகு கறாராக இருந்தன. கண்டிப்பான பிரிவு என்று ஒன்று. அதில் தனியாளாகச் செய்ய வேண்டும். படம், பாட்டு, ஓசை எல்லாம் அந்த 48 மணி நேரத்துக்குள் தன் கையாலேயே உண்டாக வேண்டும். முடிந்ததும், கணினிக்கு எழுதிக் கொடுத்த மூல நிரலையும் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட வேண்டும். தளர்ந்த பிரிவு என்று மற்றொன்று. அதற்கு 72 மணி நேரம். நாலு பேர் சேர்ந்து செய்யலாம். முன்பே இருந்த படத்தையும் பாட்டையும் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் எடுத்துக் கொண்டால், "படத்துக்கு எனக்கு மதிப்பெண் வேண்டாம்", "இசைக்கு எனக்கு மதிப்பெண் வேண்டாம்" என்று தானாகவே விலகிக் கொள்ள வேண்டும்.

பையன் கண்டிப்பான பிரிவில்தான் சேர உத்தேசித்திருந்தான்.

தலைப்பு வந்தது. 'குறைந்த இடம்' என்று வைத்துக் கொள்ளலாம். பட்டணத்தில் வாடகை கொடுத்து வாழ்கிற நமக்குத் தலைப்பாகவே தோன்றாத தலைப்பு! பையன் அரை மணி நேரம் கண்ணை மூடிக் கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: ஒரு பாட்டி ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் ஓர் ஒற்றை அறைக்கு வருகிறாள். எந்தச் சாமானை எடுத்து வருவது, எதை விட்டு வருவது? ஆட்டுக்கல் வந்தால் கட்டிலுக்கு இடமில்லை. கட்டிலைப் போட்டால் தாத்தாவின் சாய்வு நாற்காலியை விட்டுவிட வேண்டும். ஆடுகிறவர் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும். எது எப்படி அமைந்தாலும் கொல்லை வேப்பமரம் மட்டும் அறைக்குள் வராது. கடைசிக் காட்சியில் பாட்டி ஜன்னலைத் திறப்பாள்; வெளியே அந்த மரம் நிற்கும்.

அந்தப் பாட்டி என் தாயார். அந்த மரம் எங்கள் கொல்லை மரம். நான் ஒன்றும் சொல்லாமல் காப்பி டம்ளரைக் கழுவப் போய் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்குத்தான் விவகாரம் முளைத்தது. சாமான்கள் எல்லாம் வரைந்தாகி விட்டன. வாயாலேயே சீழ்க்கையடித்து ஒரு சிறு பாட்டும் பதிவு செய்தாகி விட்டது. மரம்தான் வரவில்லை. மூன்று முறை வரைந்தான்; மூன்றும் குடை மாதிரி இருந்தன. பிறகு ஏதோ ஒரு பழைய கோப்பைத் திறந்து என்னிடம் காட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீட்டை விற்பதற்கு முந்தின வாரம், திண்ணையில் உட்கார்ந்து அவன் வரைந்த வேப்பமரம். அடிமரத்தில் நாங்கள் ஊஞ்சல் கட்டிய தழும்பு கூட இருந்தது.

"இதையே போட்டுடேன்!" என்றேன்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தினது மாமா. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ளே வரைஞ்சது இல்லையே."

"நீ வரைஞ்சதுதானே? உன் மரம்தானே? யாருடா கண்டுபிடிக்கப் போறாங்க?"

"கண்டுபிடிக்க மாட்டாங்க. அதனாலதான் மாமா யோசிக்கிறேன்."

இந்தப் பதில் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

விதி என்றால் எல்லாம் ஒரே ஜாதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு ஜாதி இருக்கிறது. செய்த பொருளே சாட்சி சொல்கிற விதி ஒன்று. செய்தவன் மட்டுமே சாட்சி சொல்லக் கூடிய விதி மற்றொன்று.

வெண்பா முதல் ஜாதி. கனிச்சீர் வந்ததா, தளை தட்டியதா, ஈற்றடியில் மூன்று சீர்தான் இருக்கிறதா என்று இலக்கணம் தெரிந்த எவரும் பாட்டை வைத்தே சொல்லிவிடலாம். பாடியவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. விளையாட்டுச் செய்கிறவர்களிடமும் இப்படி ஒரு போட்டி உண்டு. 2012-இல் தொடங்கியது, ஆகஸ்டு 13-ஆம் தேதி ஆரம்பித்து செப்டம்பர் 13-ஆம் தேதி முடிவது. முழு விளையாட்டையும் சுருக்கிக் கட்டி வைத்தால் 13 கிலோபைட், அதாவது 13,312 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. வெளியிலிருந்து எழுத்துருக் கூடக் கடன் வாங்கக் கூடாது. கணினியில் ஒரு தமிழ் எழுத்தை வைக்க மூன்று பைட் வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்தால் ஆறும் அதற்கு மேலும் ஆகும் என்று பையன் சொன்னான். சுருக்காமல் அப்படியே வைத்தால், இந்தக் கட்டுரையில் பாதி கூட அதில் அடங்காது. ஆனாலும் அங்கே திருட்டுக்கு இடமில்லை. தராசில் வைத்தால் எடை தெரிந்து போகும்.

இரண்டு நாளைக்குள் வரைந்தாயா, உன் கைதான் வரைந்ததா என்பதற்குத் தராசு ஏது? மூல நிரலைத் திறந்து வைத்தால் நிரல் தெரியும். மரம் என்றைக்கு வரையப்பட்டது என்று அதில் எழுதியிராது. இப்போதோ இன்னொரு சங்கடமும் வந்து சேர்ந்திருக்கிறது. 'கொல்லையில் ஒரு வேப்பமரம்' என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்தால், அரை நிமிடத்தில் அழகாக ஒரு மரத்தைப் போட்டுத் தருகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. நம் பையனின் மூன்று குடைகளையும் விட அது நன்றாகவே இருந்திருக்கும். இரண்டாம் ஜாதி விதிக்கு இன்று காவல் என்று ஒன்று உண்டானால், அது செய்தவன் வாயிலிருந்து வருகிற வார்த்தை மட்டும்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். என் மனத்திலும் எழுந்தது. கணினியை அவன் செய்தானா? ஆட்டத்தில் பந்து கீழே விழுவதற்கும் சுவரில் முட்டித் திரும்புவதற்கும் வேண்டிய இயக்கத்தை வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொள்ள விதி இடம் தருகிறது. ஊரார் செய்த இயக்கம் ஆகலாம். தான் வரைந்த மரம் ஆகாதா? இது என்ன நியாயம்? நானும் யோசித்துப் பார்த்தால், நான் எழுதும் பேனா நான் செய்ததல்ல. தமிழும் நான் செய்ததல்ல. பாட்டியிடம் கேட்ட சொல், பக்கத்து வீட்டில் கேட்ட சண்டை, பஸ்ஸில் கேட்ட புலம்பல் இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், 'சொந்தக் கற்பனை' என்று எதை நான் எடுத்து நீட்டுவேன்?

யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்த பதில், எங்கள் ஊர் வயலில் கிடக்கும் வரப்புத்தான். இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே ஒரு வரப்பு ஓடுகிறது. அது அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஆகாயத்திலிருந்து யாரும் அளந்து போடவில்லை. ஒரு முழம் இந்தப் பக்கம் இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் இருந்திருக்கலாம். பாட்டனார் காலத்தில் ஏதோ பேசி முடித்தார்கள். ஆனால் பேசி முடித்த பிறகு, இராத்திரியில் மண்வெட்டியுடன் போய் அதை ஒரு சாண் நகர்த்துகிறவனை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கிறது? வரப்பு எங்கே இருப்பது என்பது வெறும் சௌகரியம். இருக்கிற வரப்பை மறைவாக நகர்த்துவது பாபம். இரண்டையும் குழப்பிக் கொள்கிறவர்கள்தான், "விதியே அர்த்தமில்லாதது, மீறினால் என்ன?" என்று சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள்.

"பரிசே இல்லாத இடத்தில் யாருக்கு நஷ்டம்?" என்று இன்னொரு கேள்வியும் வரும். இதற்கு நான் ஒரு பையனைக் கற்பனை செய்து கொண்டேன். எங்கேயோ தூர தேசத்தில், அவனும் இரண்டு இரவு கண் விழித்து ஒரு மரம் வரைகிறான். குடை போலத்தான் வருகிறது. பிறகு நம் பையனின் ஆட்டத்தைத் திறந்து பார்க்கிறான். ஊஞ்சல் தழும்போடு நிற்கும் அந்த வேப்பமரத்தைப் பார்க்கிறான். 'நானும் இவனும் ஒரே நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தானே செய்தோம்? அவனால் முடிந்தது எனக்கு முடியவில்லையே! எனக்கு இது வராது' என்று நினைத்துக் கொள்கிறான். அவன் அளந்து பார்த்த கோல் பொய்க் கோல் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு பைசா களவு போகவில்லை. ஆனால், விதியைக் காப்பாற்றிய ஒருவன் அதைக் காப்பாற்றிய குற்றத்துக்காகவே தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணிக் கொள்கிறான். இதை விடப் பெரிய நஷ்டம் வேறு என்ன வேண்டும்?

கட்டுப்பாடு இருந்தால் கலை சிறக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. 128-க்கு 128 புள்ளி, 16 நிறம் என்று வேண்டுமென்றே குறுக்கி வைத்த பைக்கோ-8 என்ற கருவியில், 2015-இல் நாலு நாளில் இரண்டு பேர் செய்த செலஸ்ட் என்ற மலையேற்ற ஆட்டம், 2018-இல் பெரிய விளையாட்டாக வளர்ந்து உலகப் புகழ் பெற்றது உண்மைதான். ஆனால் ஒரு செலஸ்ட்டுக்குப் பின்னால் ஆயிரம் சப்பை ஆட்டங்கள் கிடக்கும். தளை தட்டாத வெண்பாக்களிலும் முக்கால் வாசி சப்பைதானே? விதி நல்ல கலையைத் தரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது தருவது வேறொன்று. பணக்காரனுக்கும் ஏழைக்கும், தேர்ந்தவனுக்கும் புதியவனுக்கும் ஒரே கடிகாரத்தைத் தருகிறது. 'நாம் எல்லாரும் ஒரே வெயிலில் நடந்தோம்' என்று சொல்லிக் கொள்ளும் உறவைத் தருகிறது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எனக்கு இருபத்து மூன்று வயதில், ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினேன். 'இது என் சொந்தக் கற்பனை' என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். ஓய்வு பெறப் போகும் ஒரு தபால்காரரின் கதை அது. கடைசி நாளன்று அவர் தம் பைக்குள் மிச்சமிருக்கும் ஒரே கடிதத்தோடு ஒரு கதவைத் தட்டுகிறார். அது அவருடைய வீட்டுக் கதவு. ஆயுளெல்லாம் ஒரு கடிதமும் வராத தம் மனைவிக்கு, அவரே எழுதிப் போட்ட கடிதம். இந்த முடிவுக்காகத்தான் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். என் முதல் தொகுதியில் முதல் கதையாக நிற்பதும் அதுதான். இன்றைக்கும் கூட்டங்களில் யாராவது எழுந்து அதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை.

தபால்காரர் நான் படைத்தவர். அவர் நடந்த தெருக்கள் நான் படைத்தவை. அந்த முடிவு என்னுடையதல்ல. விடுதி மொட்டைமாடியில் ஓர் இரவு என் நண்பன், "இப்படி ஒரு கதை முடிஞ்சா எப்படிடா இருக்கும்?" என்று சொன்னது. அவனும் அப்போது எழுதிக் கொண்டிருந்தான். கதை வெளியான வாரம் அவன் என்னைத் தேடி வந்தான். சண்டை போடுவான் என்று பயந்து கொண்டிருந்தேன். "முடிவு ரொம்ப நல்லா இருந்துதுடா" என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு அவன் என்னிடம் ஒரு கதையும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்து எழுதவும் இல்லை.

கதைக் கரு காற்றில் மிதப்பது, யார் எடுத்தாலும் எடுத்தவனுக்குச் சொந்தம் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையாகவே இருக்கலாம். கருவுக்கு வரப்பு எங்கே என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் வரப்பு தெளிவாகப் போட்டிருந்தது. அதை இராத்திரியில் நகர்த்தினேன். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதால் யோசிக்காமலே நகர்த்தினேன். என் அக்காள் மகன் அதே காரணத்தால் யோசித்தான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பையன் என்னை எழுப்பினான். பாட்டி ஜன்னலைத் திறந்தாள். வெளியே, ஊஞ்சல் தழும்போடு, எங்கள் வேப்பமரம் நின்றது.

"போட்டுட்டியா?" என்றேன். என் குரலில் சந்தோஷத்தை விட ஏமாற்றம்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

"போட்டுட்டேன் மாமா. இந்த ஆட்டத்துக்கு அந்த மரம்தான் வேணும். அதனால பிரிவை மாத்திக்கிட்டேன். தளர்ந்த பிரிவுல கொடுத்துட்டேன். படத்துக்கு மார்க் வேண்டாம்னு எழுதி, மரம் பழசுன்னும் கீழே போட்டுட்டேன்."

நான் இரவெல்லாம் விதியைக் காப்பதா, மீறுவதா என்று இரண்டு கதவுகளையே முட்டிக் கொண்டிருந்தேன். மூன்றாவது கதவு ஒன்று அந்த வீட்டில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. மீறிக்கொள், ஆனால் மீறினேன் என்று சொல்லிவிட்டு மீறு, உனக்கு வேறு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறோம் என்று சொல்கிற கதவு. தண்டனை இல்லை, தலைகுனிவும் இல்லை. அந்த விதிகளை எழுதினவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள் என்று நினைத்துக் கொண்டேன். எத்தனையோ பேர் பொய் சொல்வது, உண்மை சொல்ல ஓர் இடம் கிடைக்காததால்தானே?

பின்னொரு நாள் பையன் எனக்கு வேறோர் ஆட்டத்தைக் காட்டினான். பாபா இஸ் யூ என்று பெயர். பின்லாந்துக்காரரான ஆர்வி டெய்க்காரி என்பவர் 2017-இல் நார்டிக் கேம் ஜாம் என்ற இதே மாதிரியான போட்டியில் செய்து வெற்றி பெற்றது. 2019-இல் முழு விளையாட்டாக வெளிவந்தது. அதில் விதிகளே பலகைத் துண்டுகளாகத் தரையில் கிடக்கின்றன. 'சுவர் என்பது தடை' என்று மூன்று துண்டு. அவற்றில் ஒன்றைத் தள்ளிவிட்டால் சுவர் தடுக்காது. ஊடே புகுந்து போகலாம். தோல்வியை வெற்றியாக்கலாம், பாறையைக் கொடியாக்கலாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கண்ட துண்டையெல்லாம் தள்ளிக் கொண்டே போனேன். திடீரென்று எல்லாம் நின்று விட்டது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை.

"என்னடா ஆச்சு?"

"'பாபா என்பது நீ'ங்கிற வரியைக் கலைச்சுட்டீங்க மாமா. இப்ப ஆட்டத்துல நீங்க இல்லை."

எல்லா விதியையும் மாற்றலாம். 'நீ' யார் என்று சொல்லும் விதியை மட்டும் கலைத்தால் ஆடுவதற்கே ஆள் இல்லாமல் போகிறது! நாற்பத்தெட்டு மணி நேரம் ஐம்பது ஆகலாம், பதின்மூன்று கிலோபைட் பதினாலு ஆகலாம், கருவி மாறலாம், கையும் மாறலாம். 'இதில் என்னுடையது இவ்வளவு, பிறருடையது இவ்வளவு' என்ற வரி மட்டும் கலையக் கூடாது. கலைந்தால் பரிசு வரலாம், புகழ் வரலாம். அவற்றை வாங்கிக் கொள்கிறவன்தான் அங்கே இருக்க மாட்டான்.

பையனின் ஆட்டத்தைப் பல தேசத்தவர் ஆடிப் பார்த்தார்கள். மூன்று நாலு பேர், 'மரம் மிக அழகு' என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவன் அலுக்காமல், 'நன்றி. ஆனால் அது இரண்டு ஆண்டுக்கு முன் வரைந்தது' என்று பதில் எழுதிக் கொண்டிருந்தான். நான் பார்த்துக் கொண்டே இருந்தேன்.

என் முதல் தொகுதி மறுபதிப்பாக வரப்போகிறது. அந்தக் கதைக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். வரியில் நண்பன் பெயரைப் போடலாமா, கூடாதா என்பதை அவனைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்டு ஒரு கடிதம் எழுதி, நேற்றுத்தான் தபாலில் சேர்த்தேன்.